மறதி கூடிவிட்டதாகத் தோன்றுகிறது, ஆயுளும் குறைந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 69 வயது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஏறக்குறைய அப்போதிருந்தே ஞாபகம் சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றாகப் பழகியவர்களின் பெயர்கூடச் சட்டென்று வருவதில்லை. ஏதோ எடுக்க அறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். போன மாதம் மின் கட்டணத்தை இரண்டு முறை கட்டிவிட்டேன். குடும்ப மருத்துவர் சில கேள்விகள் கேட்டு ஒரு சோதனை செய்தார். 30க்கு 27 வந்தது. வயதுக்கு இது நன்றாகவே இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். இதற்கிடையில், தன் ஞாபகம் குறைகிறது என்று நினைக்கும் முதியவர்களுக்கு ஆயுள் குறைவு என்று ஒரு செய்தி படித்தேன். அதிலிருந்து தூக்கமே போய்விட்டது. வழக்கமாகப் போடும் தூக்க மாத்திரையும் இப்போது கேட்பதில்லை. ஜலதோஷ மாத்திரை போட்டால்தான் கண் அசருகிறது. என் அம்மாவுக்கு 80 வயதுக்கு மேல் டிமென்ஷியா வந்தது. எனக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது? ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா? டிவி சத்தம் அதிகம் என்று சண்டை போடுவதைத் தவிர மகன் என்னிடம் எதையும் சொல்வதில்லை. அவனிடம் இதைச் சொல்லலாமா? குடியிருப்போர் சங்கத்தில் பொருளாளராக இருக்கிறேன். அந்தப் பொறுப்பை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: அம்மா, நீங்கள் கவலைப்பட்டு விரிவாக எழுதியவற்றைவிட, போகிற போக்கில் எழுதிய மூன்று விஷயங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. கணவரின் மறைவு, இரவு மாத்திரைகள், டிவி சத்தம். அவற்றுக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்த செய்தியை முதலில் பார்த்துவிடலாம்.

செய்தி பொய் இல்லை. முதியவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் சிலவற்றில், "என் ஞாபகம் மோசம்" என்று சொன்னவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகக் குறைந்த காலம்தான் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சராசரியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பயம் பாதியாகக் குறையும்.

அமெரிக்காவில் 1992இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது, உடல்நலம் மற்றும் ஓய்வுக்கால ஆய்வு என்று பெயர். 50 வயதைத் தாண்டியவர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொடர்புகொண்டு எத்தனையோ கேள்விகள் கேட்பார்கள். அவற்றுக்கு நடுவே இதுவும் ஒன்று: உங்கள் ஞாபகம் இப்போது எப்படி இருக்கிறது? பிரமாதம் என்பதிலிருந்து மோசம் வரை ஐந்து பதில்கள். போன தடவையோடு ஒப்பிட்டால் மேலா, அதே அளவா, குறைவா என்றும் கேட்பார்கள். இப்படிப்பட்ட பதில்களையும் இறப்புத் தகவல்களையும் சேர்த்து ஆயுள் அட்டவணை போடலாம். அதில் ஒருவர் மூன்று நிலைகளில் ஏதாவது ஒன்றில் இருப்பார்: ஞாபகம் பரவாயில்லை, ஞாபகம் மோசம், உயிரோடு இல்லை. எந்த வயதில் எத்தனை பேர் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார்கள் என்று எண்ணுவார்கள். அதை வைத்து, இந்த வயதில் இருப்பவருக்குச் சராசரியாக இன்னும் எத்தனை வருடம், அதில் எத்தனை வருடம் நல்ல ஞாபகத்தோடு என்று கணக்கு வரும்.

இந்த மூன்று நிலைகளில் திரும்பி வர முடியாதது கடைசி ஒன்றிலிருந்து மட்டும்தான். இரண்டாவது நிலையில் இருந்தவர்கள் அடுத்த தடவை கேட்கும்போது முதல் நிலைக்குத் திரும்பியிருப்பது சாதாரணமாக நடக்கிறது. துக்கம் ஆறியிருக்கும், மாத்திரை மாறியிருக்கும், தைராய்டு கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். செய்தித் தலைப்புகள் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்று, அது கூட்டத்தின் எண். நீங்கள் வங்கியில் இருந்தவர். ஒரு கிளையின் சராசரி இருப்பு எவ்வளவு என்று தெரிந்தால், குறிப்பிட்ட ஒருவரின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? அந்தக் குழுவில் ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்கள் உண்டு, கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள் உண்டு, புகைப்பவர்கள் உண்டு, டிமென்ஷியா தொடங்கிவிட்டவர்களும் உண்டு. அத்தனை பேரையும் சேர்த்து எடுத்த சராசரி அது. "இன்னும் எத்தனை வருடம்" என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் எண் இல்லை. இப்படி ஒரு கடிதத்தை மட்டும் படித்துவிட்டு எண் சொல்லும் மருத்துவர் யாராவது கிடைத்தால் அவரை நம்பவும் வேண்டாம்.

சரி, மறதி இருக்கிறது என்று நினைப்பதற்கும் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம்? நினைப்பு ஆளைக் கொல்லாது. ஒரே காரணம் இரண்டையும் பாதிக்கிறது என்பதுதான் பெரும்பாலும் விஷயம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் சின்னச் சின்னக் குழாய்கள் கெட்டிப்பட்டால் யோசனை மந்தமாகும். அதே ஆளின் இதயத்திலும் சிறுநீரகத்திலும் அதே கோளாறு நடந்துகொண்டிருக்கும். மனச்சோர்வு கவனத்தைக் கெடுக்கும், பசியையும் நடமாட்டத்தையும் குறைக்கும், மாத்திரைகளை ஒழுங்காகப் போட விடாது. ஆய்வுகளில் மனச்சோர்வையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் மறதிக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் இளைத்துப்போவதற்கு இதுதான் காரணம்.

தவிர, உடம்பு சரியில்லை என்பது சோதனைக்கூடத்துக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிவதுண்டு. எல்லன் ஐட்லர், யேல் பெனியாமினி என்ற இருவர் 1997இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். "உங்கள் உடல்நலம் எப்படி?" என்ற ஒரே கேள்விக்கு மோசம் என்று சொன்னவர்கள் சீக்கிரம் இறந்திருந்தார்கள். மருத்துவர்களுக்குத் தெரிந்த நோய்களையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தும் பெரும்பாலான ஆய்வுகளில் அது அப்படியே நின்றது. அதனால்தான் "எனக்கு என்னமோ சரியில்லை" என்று ஒரு முதியவர் சொன்னால், வயதாகிவிட்டது அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். உங்கள் மருத்துவர் சோதனை செய்தது நல்லது. ஆனால் 27 என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டது எனக்குத் திருப்தியாக இல்லை.

அந்த 27ஐப் பற்றிக் கொஞ்சம். 30 மதிப்பெண்ணுக்கான இந்தச் சோதனைகள் டிமென்ஷியா போன்ற வெளிப்படையான குறைபாட்டைப் பிடிப்பதற்கானவை. வாழ்நாள் முழுக்கக் கணக்கோடும் கோப்புகளோடும் வேலை பார்த்த ஒருவர், தன் பழைய நிலையிலிருந்து ஓரளவு இறங்கிய பிறகும் அதில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட முடியும். ஆகவே சோதனை சரியாக இருந்தும் ஞாபகம் குறைந்ததாக நீங்கள் உணர்வது கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவத்தில் இதற்குத் தனி இடமே உண்டு. ஃபிராங்க் யெஸ்ஸன் என்ற ஜெர்மானிய மருத்துவரும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2014இல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தார்கள்: சோதனையில் குறை தெரியவில்லை, ஆனால் ஆளுக்குக் குறை தெரிகிறது. இவர்களில் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். 60 வயதுக்கு மேல் தொடங்கியிருக்க வேண்டும், கடந்த ஐந்து வருடத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும், குறிப்பாக ஞாபகத்தில் இருக்க வேண்டும், அவருக்கே அது கவலையாக இருக்க வேண்டும், சம வயதுக்காரர்களைவிடத் தான் மோசம் என்று தோன்ற வேண்டும், கூட இருப்பவரும் ஆமாம் என்று சொல்ல வேண்டும். முதல் நான்கும் உங்களுக்குப் பொருந்துகின்றன. கடைசி இரண்டும் உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை.

பயப்படுவதற்கு முன் எண்களைப் பாருங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து 2014இல் வெளியான ஒரு தொகுப்பின்படி, ஞாபகம் குறைவதாகச் சொல்லி, சோதனையில் குறை தெரியாத முதியவர்களில் வருடத்துக்கு 100 பேரில் 2 பேருக்குச் சற்றுக் கூடுதலாக டிமென்ஷியா வந்தது. அப்படிச் சொல்லாதவர்களில் அது 1 பேர். இரண்டு மடங்கு என்று எழுதினால் பயங்கரமாகத் தெரியும். 100 பேரில் 97 அல்லது 98 பேருக்கு அந்த வருடம் அது வரவில்லை என்று எழுதினாலும் அதே எண்தான்.

இனி உங்கள் மறதிக்கு வருவோம். பெயர் தொண்டை வரை வந்து நிற்பது, பத்து நிமிடம் கழித்துத் தானாக வந்துவிடுவது, இது வயதோடு எல்லோருக்கும் கூடுகிறது. தகவல் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுக்கும் வேகம் குறைந்துவிட்டது. அறைக்குள் போய் நிற்பது பெரும்பாலும் கவனச் சிதறல். மின் கட்டணத்தை இரண்டு தடவை கட்டியதை அப்படித் தள்ளிவிட முடியாது, ஆனால் ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவுக்கும் வர முடியாது. அது திரும்ப நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மருத்துவர்கள் பார்க்கும் ஒரு வித்தியாசத்தைச் சொல்கிறேன். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். ஒன்று வரவில்லை. "அது ஒரு பூ" என்று குறிப்புக் கொடுத்ததும் வந்துவிட்டால், சொல் உள்ளே பதிந்திருக்கிறது என்று அர்த்தம். வயது, மனச்சோர்வு, தூக்கமின்மை, மாத்திரை ஆகியவற்றால் வரும் மறதி பெரும்பாலும் இந்த வகை. டிமென்ஷியாவுக்கு மிகப் பொதுவான காரணமான அல்சைமர் நோயில் சொல்லைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியே முதலில் அடிபடுவதால், குறிப்புக் கொடுத்தாலும் வராது. அப்படி ஒரு சொல்லைச் சொன்ன நினைவுகூட இருக்காது. உங்களுக்குக் குறிப்புக் கொடுத்ததும் வந்ததா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மொத்த மதிப்பெண்ணைவிட எனக்கு அது முக்கியம்.

இப்போது மாத்திரைகள். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கவலை. தூக்க மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் கொடுக்கப்படுபவை பென்சோடயஸபைன் வகை, அல்லது அதன் நெருங்கிய உறவினர்கள். புதிய நினைவுகள் பதிவதையே இவை தடுக்கும். முதியவர்களின் கல்லீரலும் சிறுநீரகமும் மெதுவாக வேலை செய்வதால் இரவு போட்டது மறுநாள் மதியம் வரை உடம்பில் இருக்கலாம். ஜலதோஷ மாத்திரையில் தூக்கம் வரவைப்பது பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்து, குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் மாதிரி. ஞாபகத்துக்கு மூளை பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை இவை முடக்குகின்றன. முதியவர்கள் முடிந்தவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை மார்க் பீர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991இல் உருவாக்கினார். இன்றும் அதைப் புதுப்பித்து வருகிறார்கள். நீங்கள் ராத்திரியில் சேர்த்துப் போடும் இரண்டு வகையும் அதில் இருக்கின்றன.

ஆயுளைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தூக்க மாத்திரை போட்ட முதியவர் நடு இரவில் கழிப்பறைக்கு எழுந்து போகும்போது விழுகிறார், இடுப்பு எலும்பு முறிகிறது. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார். மறதியைப் பற்றிய செய்தியைவிட உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டியது இந்த எண்தான்.

ஆனால் ஒன்று: இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே தூக்க மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பல மாதம் போட்டதைத் திடீரென்று விட்டால் படபடப்பு, கடுமையான தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவரைப் பார்த்து, வாரக் கணக்கில், தேவைப்பட்டால் மாதக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். தூக்கத்துக்காகப் போடும் ஜலதோஷ மாத்திரையை மட்டும் இனி தொட வேண்டாம். சளியே இல்லாதபோது அதற்கு என்ன வேலை? மாத்திரை இல்லாமல் தூக்கத்தைத் திருப்பிக் கொண்டுவர முறையான பேச்சு வழிப் பயிற்சி இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவது என்று போகும் அது. முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருந்துக்கு முன் முதலில் பரிந்துரைக்கப்படுவது அதுதான்.

குறட்டை விடுகிறீர்களா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கேட்டுச் சொல்லப் பக்கத்தில் இப்போது ஆள் இல்லை, தெரிகிறது. காலையில் எழுந்ததும் தலை கனமாக இருந்தால், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகினால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் ஞாபகத்தையும் கெடுக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். தூக்க மாத்திரை அதை இன்னும் மோசமாக்கலாம்.

டிவி சத்தம். மகன் சண்டை போடுவது நல்லதற்குத்தான். காதில் சரியாக விழாத பெயர் மூளையில் பதியவே இல்லை, பிறகு எப்படி ஞாபகம் வரும்? அரைகுறையாகக் கேட்டதை ஊகித்துப் புரிந்துகொள்வதிலேயே கவனம் முழுக்கச் செலவாகிவிடுகிறது. டிமென்ஷியாவுக்கான தவிர்க்கக்கூடிய காரணங்களை ஆராயும், லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு 2024 அறிக்கையில் 14 காரணங்களைச் சொன்னது. காது கேளாமை அதில் பெரிய பங்கு வகிக்கிறது. கண்பார்வைக் குறைபாடும் கெட்ட கொழுப்பும் அந்த முறை புதிதாகச் சேர்ந்தன. அந்த 14ஐயும் முழுக்கச் சரிசெய்ய முடிந்தால் உலகில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. காது கேட்கும் கருவியைப் பற்றி 2023இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், பங்கேற்ற எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் அதிகம் இருந்தவர்களிடம் மூன்று வருடத்தில் அறிவுத்திறன் குறையும் வேகம் ஏறக்குறைய பாதியானது. ஸ்கேனுக்கு முன் காதுச் சோதனைக்குப் போங்கள்.

அப்புறம் உங்கள் கணவர். கடிதத்தில் அவருக்கு ஒரு வாக்கியம்தான் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் ஞாபகம் சரியில்லை என்று தோன்ற ஆரம்பித்தது எப்போது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். துக்கத்தில் இருப்பவரின் மனம் பாதி வேறெங்கோ இருக்கும். அந்த நேரத்தில் நடப்பவை பதியாது. இதை நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றரை வருடம் கழித்தும் எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை, விடியற்காலையில் விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். முதியவர்களிடம் அது அழுகையாக வருவதைவிட மறதியாகவும் உடல் வலியாகவும் வருவது அதிகம். அதற்குச் சிகிச்சை உண்டு, குணமாகும்போது ஞாபகமும் பெரும்பாலும் கூடவே மேலே வரும். இதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 27 வாங்கிய அன்று அவர் இதைக் கேட்டாரா?

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, பி12, சர்க்கரை, ஹீமோகுளோபின், சோடியம், சிறுநீரகம் பார்த்தால் போதும். பி12 குறைவும் தைராய்டு குறைவும் எளிதில் சரிசெய்யக்கூடியவை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் அல்லது வயிற்று எரிச்சலுக்கு நீண்ட நாள் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பி12 அவசியம் பாருங்கள், இரண்டும் அதைக் குறைக்கும்.

பி.பி. பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. ஞாபகம், ஆயுள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்று யாராவது என்னைக் கேட்டால் பி.பி.யைத்தான் சொல்வேன். அமெரிக்காவில் 9,300க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஸ்ப்ரின்ட் சோதனையில், இதய நோய் அபாயம் உள்ளவர்களின் மேல் அளவை ஒரு குழுவில் 140க்குக் கீழேயும் இன்னொரு குழுவில் 120க்குக் கீழேயும் கொண்டுவர முயன்றார்கள். 120 குழுவில் இறப்பு கால் பங்குக்குச் சற்று மேல் குறைந்தது. 2019இல் வந்த தொடர்முடிவில், அதே குழுவில் லேசான ஞாபகக் குறைபாடும் 19 சதவீதம் குறைந்திருந்தது. டிமென்ஷியாவின் குறைவு மட்டும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. உங்களுக்கு எந்த அளவு சரி என்பதை, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஸ்கேன் இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. 69 வயதில் யாருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் ஏதாவது சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரியும், அறிக்கையில் "வயது சார்ந்த மாற்றங்கள்" என்று வரும், நீங்கள் இன்னும் தூங்க மாட்டீர்கள். அல்சைமரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் 2025இல் அப்படி ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் நோயின் அறிகுறிகள் உள்ள 55 வயதுக்கு மேற்பட்டவர்களை நிபுணர் பரிசோதிக்கும்போது பயன்படுத்துவதற்கு. சோதனையில் குறை தெரியாதவருக்கு அது நல்லதைவிடக் குழப்பத்தைத்தான் தரும்.

சில நிலைமைகளில் மட்டும் காத்திருக்கக் கூடாது. மறதி சில நாட்களிலோ வாரங்களிலோ திடீரென்று கூடினால், விழுந்து தலையில் அடிபட்ட பிறகு வந்தால் (ரத்தம் மெதுவாகக் கசிந்து வாரங்கள் கழித்தும் தெரியவரலாம்), நடை தடுமாறி சிறுநீரும் கட்டுப்படாமல் போனால், பழகிய வழியில் தொலைந்துபோனால், கேட்டதையே ஒரு மணி நேரத்துக்குள் பல தடவை கேட்டால், இல்லாத ஆட்கள் தெரிந்தால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அப்போது ஸ்கேன் கட்டாயம்.

அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வரும் என்று இல்லை. நேரடியாகப் பிள்ளைகளுக்கு இறங்கும் அல்சைமர் மிக அரிது, அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்துவிடும். 80க்கு மேல் தாய்க்கு வந்தது உங்கள் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான்.

மகனிடம் சொல்லுங்கள். ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை, மருத்துவருக்கே அது தேவைப்படுகிறது. டிமென்ஷியா உண்மையிலேயே தொடங்கும்போது பலருக்குத் தன் மறதியே தெரியாமல் போய்விடும். அவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார், வீட்டில் உள்ளவர்கள்தான் கலங்குவார்கள். உங்கள் விஷயத்தில் நேர்மாறாக இருக்கிறது, அதை நான் நல்ல பக்கத்தில்தான் வைக்கிறேன். ஆனாலும் உங்கள் மகன் கவனித்தது என்ன என்று தெரிய வேண்டும். "நான் மாறிவிட்டேனா?" என்று கேட்டால் பிள்ளைகள் இல்லையம்மா என்றுதான் சொல்வார்கள். "கடந்த ஒரு வருடத்தில் நான் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேனா, பணக் கணக்கில் குழம்பினேனா, சொன்ன வேலையை மறந்தேனா" என்று குறிப்பாகக் கேளுங்கள். முடிந்தால் அடுத்த தடவை மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போங்கள்.

ஞாபகசக்தி மாத்திரைகள், மூலிகைக் குப்பிகள் என்று யாராவது கொண்டுவந்து தருவார்கள். ஜிங்கோ என்ற தாவரச் சாற்றை 3,000க்கும் மேற்பட்ட முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2008இல் வெளியானது. டிமென்ஷியாவை அது தடுக்கவில்லை. பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கடைசியாகப் பொருளாளர் பொறுப்பு. விட வேண்டாம். மறதி வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் முதலில் செய்வது இதைத்தான்: ஒவ்வொன்றாக விலகுவார்கள், ஆட்களைப் பார்ப்பது குறையும், நடை குறையும். பெக்கா லெவி என்ற அமெரிக்க ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். 50 வயதைத் தாண்டிய 660 பேரைச் சுமார் 23 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு அது. எண்ணம் மட்டுமே அந்த ஏழரை வருடத்தைக் கொடுத்தது என்று நான் நம்பவில்லை, நல்ல உடம்புள்ளவர்களுக்கு நல்ல எண்ணம் வருவதும் இயல்புதான். ஆனால் எண்ணம் கெட்டுப்போனவர்கள் வீட்டுக்குள் முடங்குவதைத் தினமும் பார்க்கிறேன்.

கணக்குப் புத்தகத்தைச் சங்கத்தில் இன்னொருவரும் மாதம் ஒருமுறை பார்க்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், எந்தப் பொருளாளருக்கும் அது நல்லதுதான். வீட்டுக் கட்டணங்களைத் தானாகக் கழியும்படி வைத்துவிடுங்கள். சங்கக் கணக்கில் ஒரே மாதிரிப் பிழை திரும்பத் திரும்ப வந்தால் அப்போது பொறுப்பை விடுவதைப் பற்றிப் பேசலாம். ஆறு மாதம் கழித்து, மாத்திரை குறைந்து காதும் சரியான பிறகு, அதே 30 மதிப்பெண் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். இப்போது எழுதிய தாளை வாங்கி வைத்துக்கொண்டு, அன்று கையோடு எடுத்துப் போங்கள்.